ஓட்டாமலே குற்றம் காணல்

(முதுநிலை அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

மூன்று மீன்களின் கதையை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். வருமுன் காப்பது ஒன்று; வந்தபோது தப்புவது ஒன்று; வந்தபின் வருந்துவது ஒன்று. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரையும் இவ்வாறே மூன்று வகையாகப் பிரிக்கலாம். சென்ற ஆண்டுவரை நான் எந்த வகையைச் சேர்ந்தவன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

பூஜை விடுமுறைக்கு முன்பு, நண்பர்கள் சிலர் சேர்ந்து இங்குள்ள தமிழ் மாணவர்களுக்காக ஒரு சிறு வலைச்செயலி அமைத்தோம். ஊருக்குப் போக ஹௌரா–சென்னை மெயிலில் சேர்ந்து சீட்டுப் பதிவு செய்வது, பொங்கல் விழாச் செய்திகளைத் தெரிவிப்பது, பணமுடையில் இருக்கும் மாணவர்க்குக் கைமாற்றுக் கொடுப்பது ஆகிய மூன்றும் அதன் பணிகள். ஒவ்வொருவருக்கும் உரிய செய்தியை அவரவர் திரையில் காட்டும் பகுதியை நான் எழுதினேன். அறிவிப்புக் கண்ட்ரோலர் என்று அதற்குப் பெயர். நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடிற்று. மகிழ்ச்சியோடு நண்பர்களிடம் ஒப்படைத்தேன்.

பத்து நாள் கழித்து விடுதி உணவுக்கூடத்தில் ஒரு மாணவர் விளையாட்டாகத் தம் திரையின் முகவரியில் இருந்த எண்ணை மாற்றினார். 417 என்றிருந்ததை 418 ஆக்கினார். உடனே வேறொருவருக்கு உரிய அறிவிப்பு அவர் திரையில் வந்து நின்றது. 'உங்கள் கைமாற்று விண்ணப்பம் ஏற்கப்பட்டது, தொகை ரூ. 3,000' என்பது செய்தி. வியப்பில் அதை உரக்கப் படித்துவிட்டார். அதற்கு உரியவன், வங்காளம் வந்து ஆறு மாதமே ஆன ஒரு தம்பி, எதிர் வரிசையில் அமர்ந்து உண்டுகொண்டிருந்தான். பாதித் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். இரண்டு நாள் உணவுக்கூடத்துப் பக்கமே வரவில்லை.

படித்தவர் மீது குற்றமில்லை. குற்றம் என் நிரலின் ஒரே ஒரு வரியில் இருந்தது. அந்த வரியை ஓட்டாமலே, வெறுமனே படித்தே கண்டுபிடித்திருக்க முடியும் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவ்வாறு படித்துக் குற்றம் காணும் கலைக்கு நிலைப் பகுப்பாய்வு என்று பெயர். அது யாது, எங்ஙனம் நடைபெறுகிறது, அதன் எல்லை எது என்பவற்றை நண்பர்களுக்குக் கூறுவதே என் நோக்கம்.

கண்ட்ரோலர் என்பது யாது?

வலைச்செயலி ஒன்றை ஓர் அஞ்சலகமாக நினைத்துக்கொள்ளுங்கள். கடிதங்களை அடுக்கி வைத்திருக்கும் அறை தரவுத்தளம். மக்கள் வந்து நிற்கும் சாளரம் திரை. இரண்டுக்கும் நடுவே இருந்து, வந்தவர் கேட்பதைக் கேட்டு, உள்ளே சென்று உரியதை எடுத்துக் கொடுக்கும் எழுத்தரே கண்ட்ரோலர். என் எழுத்தருக்கு நான்கு வேலைகள்: அறிவிப்புகளைப் பட்டியலிடுதல், ஒன்றை எடுத்துக் காட்டுதல், படித்ததாகக் குறித்தல், நீக்குதல்.

'வந்திருப்பவர் நம் உறுப்பினரா?' என்று வாயிலில் சோதிக்கும்படி நான் எழுதியிருந்தேன். அது சரியாகவே வேலை செய்தது. ஆனால் உள்ளே வந்தபின், 'எண் 418 உள்ள கடிதத்தைக் கொடு' என்றால் எழுத்தர் கொடுத்துவிடுவார். அது கேட்டவருடைய கடிதந்தானா என்று பார்க்கவில்லை. 'இந்த எண்ணுள்ள அறிவிப்பைக் கொண்டு வா' என்று நான் எழுதியிருந்தேன். 'இந்த மாணவருக்கு உரிய அறிவிப்புகளுக்குள் இந்த எண்ணுள்ளதைக் கொண்டு வா' என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு சொற்றொடர்தான் வேறுபாடு.

நான்கு முறை ஓட்டிப் பார்த்தும் ஏன் தெரியவில்லை? நான் ஒவ்வொரு முறையும் என் கடிதத்தையே கேட்டேன். தன் வீட்டுத் திறவுகோல் தன் வீட்டைத் திறக்கிறது என்று மகிழ்ந்தேனேயன்றி, அது அடுத்த வீட்டையும் திறக்குமோ என்று சோதிக்கவில்லை.

இது மாணவர் செய்யும் சிறுபிழை என்று எண்ணிவிட வேண்டா. 2019ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் பெரிய சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனங்களுள் ஒன்றான பர்ஸ்ட் அமெரிக்கன் பைனான்சியலின் வலைத்தளத்தில் இதே பிழை வெளிப்பட்டது. முகவரியில் ஓர் எண்ணை மாற்றினால் பிறருடைய ஆவணம் திறந்தது. வங்கிக் கணக்கு எண்கள், அடமானப் பத்திரங்கள் என ஏறத்தாழ 88.5 கோடி ஆவணங்கள் இவ்வாறு திறந்து கிடந்தன. வலைச்செயலிகளின் காப்பைப் பற்றி ஆராயும் ஓவாஸ்ப் என்னும் அமைப்பு 2021இல் வெளியிட்ட பத்துப் பெருங்குறைகளின் பட்டியலில், உரிமைச் சோதனை தவறுவதே முதலிடம் பெற்றது. அதற்கு முந்திய பட்டியலில் அது ஐந்தாம் இடத்தில் இருந்தது.

பகுபதமும் பகுப்பாய்வும்

நிரலை ஓட்டாமல் எப்படிப் படிப்பது? தமிழ் மாணவர்க்கு இது புதிய செயலன்று. 'வந்தனன்' என்னும் சொல்லைப் பகுபத உறுப்பிலக்கணப்படி பிரிக்கச் சொன்னால் என்ன செய்வோம்? பகுதி வா, அது வ எனக் குறுகியது விகாரம், சந்தி த், அது ந் ஆனதும் விகாரம், இடைநிலை த், சாரியை அன், விகுதி அன் என்று அடுக்குகிறோம். யார் வந்தான், எங்கே வந்தான் என்று நமக்குத் தெரியாது. ஆயினும் வந்தவன் ஓர் ஆண், வந்தது இறந்த காலம் என்பன சொல்லின் உறுப்புகளாலேயே விளங்கிவிடுகின்றன.

பகுப்பாய்வுக் கருவியின் முதற்படியும் இதுவே. நிரலின் வரிகளை உறுப்புகளாகப் பிரித்து, எது எதற்குள் அடங்கும் என்று காட்டும் ஒரு மரமாக அது அடுக்கிக்கொள்கிறது. இம்மரத்தைப் பார்த்தாலே சில பிழைகள் தெரிந்துவிடும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் 'லின்ட்' என்றொரு கருவியைச் செய்தார். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துணுக்குக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். சீ மொழி நிரல்களில் ஒட்டியிருக்கும் சிறு துணுக்குகளைப் பொறுக்கி எடுப்பதே அதன் வேலை. இன்று இத்தகைய கருவிகள் பலவற்றுக்கும் பொதுப்பெயராகவே அது வழங்குகிறது.

இரண்டாம் படி வழிகளை வரைதல். நிரலில் 'இப்படியாயின் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்' என்று வரும் இடந்தோறும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துக் கவடுகள் இருந்தால் 1,024 வழிகள் உண்டாகும். நாம் ஓட்டிப் பார்ப்பது அவற்றுள் மூன்றோ நான்கோ. கருவியோ வரைபடம் முழுவதையும் விரித்து வைத்துக்கொண்டு பார்க்கிறது. எவரும் போகவே முடியாத வழி ஒன்று இருந்தால் அதையும் சுட்டிக்காட்டும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருளில் ஒரு பிழை வெளிவந்தது. ஒரு வரி தவறுதலாக இருமுறை எழுதப்பட்டிருந்தது. அந்த இரண்டாம் வரி, அதற்குக் கீழிருந்த சோதனையைச் செய்யவிடாமல் தாண்டிச் சென்றது. அதனால் எதிரில் இருப்பது உண்மையான தளந்தானா என்னும் காப்புச் சோதனை பயனற்றுப் போயிற்று. 'இந்த வரிகளை எவ்வழியாலும் அடைய முடியாது' என்று சொல்லும் எளிய கருவியே அதைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

ஹூக்ளி நீரும் இரண்டு குழாய்களும்

மூன்றாம் படியே மிகச் சுவையானது. தரவு எங்கே பிறந்து, எவ்வழியே ஓடி, எங்கே சேர்கிறது என்று தொடர்ந்து செல்வது அது. இதை விளக்கக் கொல்கத்தாவைவிட நல்ல ஊர் கிடைக்காது.

இந்நகரில் ஹூக்ளி நீர் இருவகையாக ஓடுகிறது. ஒன்று பல்தாவில் வடிகட்டித் தூய்மை செய்யப்பட்டு, டாலா நீர்த்தொட்டி வழியாக வீடுகளுக்கு வரும் குடிநீர். மற்றொன்று மல்லிக் காட் போன்ற இடங்களில் இறைக்கப்பட்டு, வடிகட்டாமலே தெருக் கழுவவும் தீயணைக்கவும் வரும் நீர். இரண்டும் பயனுள்ளவைதாம். தெருவுக்கு உரிய குழாய் எங்கேனும் குடிநீர்க் குழாயோடு இணைந்துவிட்டால்தான் கேடு. இதை அறிய ஒவ்வொரு வீட்டிலும் நீரைக் குடித்துப் பார்க்க வேண்டியதில்லை. குழாய்களின் வரைபடத்தை விரித்து, ஆற்றிலிருந்து புறப்பட்டுப் பல்தாவைத் தொடாமல் ஏதேனும் ஒரு வழி குடிநீர்க் குழாய்க்குப் போய்ச் சேர்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாலே போதும்.

நிரலில் ஆறு என்பது வெளியார் தட்டச்சிடும் சொற்கள். குடிநீர்க் குழாய் என்பது நம் திரையும் தரவுத்தளமும். நடுவே வடிகட்டும் ஒரு படி இருக்க வேண்டும். விழாச் செய்திகளில் சில சொற்களைத் தடித்த எழுத்தில் காட்ட ஆசைப்பட்டு, எழுதுவோர் எதை எழுதினாலும் அப்படியே திரையில் காட்டு என்று நான் கட்டளையிட்டிருந்தேன். வடிகட்டியை என் கையாலேயே கழற்றிவிட்டேன்! தீய எண்ணமுடையவர் ஒருவர் செய்திக்குப் பதில் ஒரு குறுநிரலை எழுதி அனுப்பினால், படிப்பவரின் உலாவியில் அது ஓடும். அவர் பெயரால் எதையும் செய்யும். நல்லவேளையாக அப்படி யாரும் செய்யவில்லை.

இவற்றையெல்லாம் எனக்குக் காட்டியது பிரேக்மேன் என்னும் கருவி. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற சட்டகத்தில் எழுதிய செயலிகளை ஆராய்வதற்காக ஜஸ்டின் காலின்ஸ் என்பவர் ஆக்கி 2010இல் வெளியிட்டது. ரெயில்ஸ் என்றால் தண்டவாளம். அதில் ஓடும் வண்டிக்குத் தடை போடுபவர் பிரேக்மேன். பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது. அக்கருவியை என் நிரலின்மீது ஏவினேன். சில நொடிகளில் வடிகட்டி இல்லாத வரியை எண்ணோடு சுட்டிக்காட்டியது. உரிமைச் சோதனை இல்லாத வரியையோ முதலில் சொல்லவில்லை. விருப்பச் சோதனைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் செய் என்று கட்டளையிட்ட பிறகே அதையும் காட்டியது. கருவி கையில் இருந்தால் போதாது, அதனிடம் கேட்கத் தெரிய வேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

பெருக்காமலே விடை

நிற்க. இன்னும் ஆழமான ஒரு முறையும் உண்டு. 4,738ஐ 9,215ஆல் பெருக்கினால் வரும் விடை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? பெருக்க வேண்டியதே இல்லை. முதலெண் இரட்டை, ஆகவே விடையும் இரட்டை. முழு எண்ணைக் கைவிட்டு அதன் ஒரு பண்பை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கிட்டோம். விடையின் மதிப்பு தெரியாது. ஆனால் தெரிந்தது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. நிரல்களுக்கு இவ்வாறு பண்புகளை வைத்தே கணக்கிடும் முறையைப் பிரான்ஸ் நாட்டுப் பாட்ரிக் கூஸோ, ரதியா கூஸோ தம்பதியர் 1977இல் ஒரு முழுக் கோட்பாடாக வகுத்தனர்.

இதனால் யாது பயன் என்பதை 1996 ஜூன் 4ஆம் நாள் உலகம் கண்டது. அன்று தென்னமெரிக்காவின் கூருவிலிருந்து எழுந்த ஏரியான் 5 ஏவுகலம், நாற்பது நொடியளவில் வானிலேயே வெடித்துச் சிதறியது. 64 பிட் அளவுள்ள ஓர் எண்ணை 16 பிட் அளவுள்ள இடத்தில் திணிக்க முயன்றதே காரணம். படி கொள்ளும் பாத்திரத்தில் மரக்கால் அரிசியைக் கொட்டினால் என்னாகும்? அதற்குப் பின் ஏரியான் நிரல்கள் இம்முறையால் ஆராயப்பட்டன. இதே கோட்பாட்டின்மீது எழுந்த ஆஸ்த்ரே என்னும் கருவி, ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு நிரலில், 1,32,000 வரிகளில், ஓட்டநேரப் பிழை ஒன்றும் இல்லை என்று 2003இல் நிறுவியது. சில பிழைகளைக் கண்டுபிடிப்பது ஒன்று. பிழையே இல்லை என்று நிறுவுவது வேறொன்று. இரண்டாவதன் அருமையைக் கணிதம் பயில்வோர் நன்கறிவர்.

இவ்வூரும் பிழை காணலும்

பிழையை முன்கூட்டியே தேடும் வழக்கம் இந்நகருக்குப் புதிதன்று. 1931இல் மகலநோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வடக்கே பாராநகரில் இருக்கிறது. இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி என்று போற்றப்படும் ஹெச்.இ.சி. 2எம், இங்கிலாந்திலிருந்து 1950களின் நடுவில் அங்கேதான் வந்து சேர்ந்தது. 1966இல் அந்நிறுவனமும் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் கூடி ஐ.எஸ்.ஐ.ஜே.யூ. 1 என்னும் பொறியை இங்கேயே ஆக்கின. அதற்கு முன்பே பம்பாயில் டிப்ராக் பொறியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம். அந்நாளில் பொறியின் நேரம் பொன்போன்றது. ஆதலால் நிரலை ஓட்டுமுன் மேசையில் விரித்து, பென்சிலும் கையுமாக வரிவரியாகப் படித்துச் சரிபார்ப்பது எங்கும் வழக்கமாக இருந்தது. துளையட்டைகளையும் ஒருவர் துளையிட்டபின் மற்றொருவர் அதையே மறுபடி தட்டி ஒப்பிட்டுப் பார்ப்பார்.

மகலநோபிஸ் இதனினும் ஒருபடி மேலே சென்றவர். 1930களின் இறுதியில் வங்காளத்தின் சணல் பயிரை அளக்கப் புகுந்தபோது, ஒரே நிலப்பரப்பின் இரு மாதிரிகளை இரண்டு குழுக்களிடம் தனித்தனியே கொடுத்தார். இரு விடைகளும் பெரிதும் மாறுபட்டால் எங்கோ தவறு என்று பொருள். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்னும் உண்மையை ஒழுங்கான ஒரு முறையாக்கிய அறிவை என்னென்பது!

கருவியின் எல்லை

அப்படியாயின் எல்லாப் பிழையையும் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது என்பது கணிதம். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது என்றேனும் நிற்குமா, நில்லாதா என்று தவறாமல் சொல்லும் நிரல் இருக்கவே முடியாது என்று 1936இல் ஆலன் டூரிங் நிறுவினார். நிரலின் நடத்தையைப் பற்றிய எந்தப் பொருளுள்ள கேள்விக்கும் இதே கதிதான் என்று 1953இல் ஹென்றி ரைஸ் விரித்தார்.

ஆகவே எல்லா நிரல்களுக்கும் விடை சொல்லத் துணியும் எந்தக் கருவியும் இரண்டில் ஒரு குறையையேனும் சுமந்தே தீரும். இல்லாத பிழையை உண்டென்று கூவலாம். அல்லது உள்ள பிழையைக் காணாமல் விடலாம். என் நிரலிலும் இது நிகழ்ந்தது. அறிவிப்பைப் படித்தபின் மாணவரை வேறொரு பக்கத்துக்கு அனுப்பும் வரியைக் குறித்துக் கருவி எச்சரித்தது. ஆராய்ந்தால், அம்முகவரிகள் யாவும் நானே எழுதி வைத்த பட்டியலிலிருந்து மட்டுமே வருவன, கேடில்லை. இத்தகைய வீண் எச்சரிக்கைகள் பெருகினால் மனிதன் சலித்து, உண்மையான எச்சரிக்கையையும் தள்ளிவிடுவான். புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதை நமக்குத் தெரியும்.

காணாமல் விட்டது எது தெரியுமா? அதைத்தான் இறுதியாகச் சொல்ல விரும்பினேன்.

குற்றங்களைத் திருத்தியபின் அந்தத் தம்பியின் அறைக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். திருத்திய வரிகளை அவனிடமே கொடுத்து, படித்துப் பார்க்கச் சொன்னேன். அவன் இலக்கியம் பயில்பவன், நிரல் அறியாதவன். மெல்லப் படித்தான். கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வரி வந்ததும் நிறுத்தினான்.

"அண்ணா, இதில் தொகையை ஏன் எழுதுகிறீர்கள்? கைபேசி மேசைமேல் கிடக்கும். பூட்டியிருந்தாலும் மேலே செய்தி தெரியும். அறையில் நாங்கள் மூவர் இருக்கிறோம்."

நான் பேச்சிழந்தேன். கருவி அந்த வரியைப் பார்த்தது. பிழை ஒன்றுமில்லை என்று விட்டது. அதன் கணக்கில் அது சரியே. உரியவனுக்கு உரிய செய்தி, வடிகட்டிய பின், உரிய வழியில் போகிறது. ஆனால் மூவர் இருக்கும் அறையில் ஒருவனுடைய வறுமை மேசைமேல் ஒளிவிடும் என்பது எந்த மரத்திலும் எந்த வரைபடத்திலும் இல்லை. 2023இல் நம் நாட்டில் தனியாள் தரவுக் காப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. பிறர் தரவைத் தக்கபடி காவாதவர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்கிறது. சட்டம் வேண்டியதே. ஆயினும் அந்த வரியை மாற்றியது சட்டமன்று. ஒரு தம்பியின் கேள்வி. இப்போது எங்கள் செயலி 'உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது' என்று மட்டும் சொல்கிறது.

அறிவியல் பயிலும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. நிரலை ஒப்படைக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் கருவியைப் படிக்க விடுங்கள். சில நொடிகளே ஆகும், காசும் செலவில்லை. பிறகு ஒரு மனிதரைப் படிக்க விடுங்கள். அவர் நிரல் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அச்செய்தியைப் பெறப்போகிறவராக இருந்தால் மிக நன்று.

வெள்ளிதோறும் மாலை, உணவு முடிந்தபின், நாங்கள் ஐவர் கூடி ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துவருகிறோம். ஐந்தாமவன் அந்தத் தம்பி. ஆறாவது நாற்காலி காலியாக இருக்கிறது. விருப்பமுள்ளவர் வருக.